அழித்துவிட்டு வந்த மெஷின்

நிலுஷா செய்த காரியத்தை எந்த வாயால் சொல்வது! கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். நல்லதென்று நினைத்துத்தான் செய்தாள்.

ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் அவள் பிறந்த லயத்துக்குப் பின்னால், மண்மேட்டில் வெடிப்பொன்று விழுந்திருந்தது. அரநாயக்கவில் மலை சரிந்ததிலிருந்து மழையென்றால் அங்கே எவரும் தூங்குவதில்லை. கம்பசில் கம்ப்யூட்டர் படித்த நிலுஷா அந்த வெடிப்பையே கடைசி வருஷ ஆய்வாக எடுத்துக்கொண்டாள். அம்மா பிரேமலதா கொழுந்து பறிக்கப் போகுமுன் தினமும் ஒரே இடத்தில் நின்று அதைப் போனில் படம் பிடித்து அனுப்புவாள். படங்களை ஒப்பிட்டு மண் நகர்கிறதா என்று கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்கும். நகர்ந்தால் அதைக் காட்டி அதிகாரிகளிடம் லயத்தாருக்கு வேறிடம் கேட்பதாக விரிவுரையாளர் சொல்லியிருந்தார்.

அவ்வளவு படத்தைச் சாதாரணக் கம்ப்யூட்டர் தாங்காது. பல்கலைக்கழகம் தனக்கென்றே ஒரு கிளவுட் வைத்திருந்தது. பெரிய கம்ப்யூட்டர்கள் ஓர் அறையில் ஓடும். பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்தே அதற்குள் ஆளுக்கொரு மெஷினை உண்டாக்கிக்கொள்ளலாம். அந்தக் கிளவுட்டைப் பார்த்துக்கொள்ளும் றிப்தி, அவளுக்கு அனுமதி கொடுத்தபோது, "எல்லாருக்கும் பொதுவான சாமான் தங்கச்சி, வேலையில்லாம ஓட விடாதீங்க" என்றார். அது அவள் மனதில் ஆழமாக இறங்கிவிட்டது. அவள் வளர்ந்த லயம் முழுவதுக்கும் கரண்ட் மீட்டர் ஒன்றுதான். ஒரு குடும்பத்தின் அறையான காம்பராவில் சும்மா பல்பு எரிந்தால் லயமே வாசலுக்கு வந்து ஏசும்.

அம்மாவின் படங்களை மெஷினில் ஏற்றினாள். ஏறியதும் தன் போனிலிருந்து அழித்தாள், அம்மாவையும் அழிக்கச் சொன்னாள்; போன்களில் இடமேது? வெள்ளிக்கிழமை பின்னேரம் கணக்கு முடிந்து, முடிவு மெஷினுக்குள் பதிவானது. லேப் பூட்டும் நேரம். திங்கட்கிழமை விரிவுரையாளர் சேரோடு சேர்ந்து பார்க்கலாமென்று அதைத் திறக்கவில்லை. மெஷினை நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் அது இடத்தைப் பிடித்துக்கொண்டு திரையில் நின்றது. பொதுச் சாமானை இப்படி அடைத்து வைக்கலாமா என்று மனம் உறுத்தியது. அழிக்கும் பட்டனை அமுக்கினாள். டிஸ்க்கையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டது. அதற்கும் சரியென்றாள், பாவி மகள்! வேண்டும்போது புதிதாக ஒன்றை உண்டாக்கினால் எல்லாம் அதில் வந்து நிற்குமென்று நினைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை புது மெஷின் வெறுமையாக வந்தது. நிலுஷா றிப்தியிடம் ஓடினாள். றிப்தி எங்கெங்கோ தேடிவிட்டு, "நிப்பாட்டினா போதுமே தங்கச்சி. டிஸ்க் போனா எங்களுக்கும் எடுக்க ஏலாது" என்று தலைகுனிந்தார்.

மறுபடி படம் பிடிக்கச் சொல்லி அம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

"எதப் புடிக்கிறது? நேத்துத்தான் தோட்டத்துத் தொரை ஆள் விட்டு மண்ணப் போட்டு மூடிட்டாரே."

அன்றே பஸ் ஏறினாள். வழி முழுக்க மழை. லயத்தில், பக்கத்துக் காம்பரா மருதாயி வரக்காப்பொலவிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போக, இடம் மாற்றும் உத்தரவு வருமென்ற நம்பிக்கையில், மூட்டை கட்டிக்கொண்டு இவளுக்காகவே காத்திருந்தாள்.

"என்னா புள்ள, ஒங்க கம்பசுல என்னா சொன்னாங்க? எடம் மாத்துவாங்களா?"

"எல்லாத்தையும் நானே அழிச்சிட்டேன் பெரியம்மா. மண்ணு நகருதான்னு இனி யாருக்கும் தெரியாது. காட்ட ஒண்ணுமே இல்ல. நீங்க இங்க இருக்காதீங்க, கெளம்புங்க."

"அனே, எப்புடிக் கெளம்புறது? மேலருந்து உத்தரவு வந்து போனா காம்பரா நம்ம பேருலயே இருக்கும். சும்மா பூட்டிட்டுப் போனா தொரை வேற ஆளுக்குக் குடுத்துருவாரு."

"உசுரு போன பொறகு காம்பரா எதுக்கு?" நிலுஷா கத்தினாள்.

மருதாயி கோபப்படவில்லை. தன் காம்பராவுக்குள் போய் மூட்டையை அவிழ்த்து, சேலைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள். நிலுஷாவுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

திரும்பிப் பார்த்தபோது அம்மா நிலுஷாவின் பையில் உடுப்புகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"விடிஞ்சதும் மொத பஸ்ஸுக்குப் போயிரு. மழை விடுற வரைக்கும் இந்தப் பக்கம் வராத."

"நீயும் வாம்மா."

"ஹொஸ்டல்ல என்னையச் சேப்பாங்களா?"

அம்மா பையின் வாயை இழுத்து மூடி, நிலுஷாவின் கையில் கொடுத்தாள்.