ஓட்டுக் கேட்காத வீடு

காலையில் பூண்டியில் ஆரத்தி எடுத்த பச்சைச் சேலைக்காரம்மாதான் மத்தியானம் மன்னவனூரிலும் ஆரத்தி எடுத்தாள். மகாராணி வேனிலிருந்து இறங்கி நெற்றியைக் காட்டியபோதுதான் அந்த மூக்குத்தியை அடையாளம் கண்டாள். அந்த அம்மாவும் கண்டுகொண்டு கூச்சமாகச் சிரித்தாள். பொட்டு வைக்கிற சாக்கில் காதருகே வந்து, "எங்கள எப்பம்மா கீழ எறக்கி விடுவாக? குளிரு தாங்கல" என்றாள். ஒரு வேட்பாளர் இதற்கு என்ன பதில் சொல்வது? வாய் பழக்கத்தில், "மறக்காம ஓட்டுப் போடுங்கம்மா" என்று மகாராணி கும்பிட்டுவிட்டாள். "எனக்கு ஓட்டு வேற தொகுதியிலல்ல இருக்கு" என்று அந்த அம்மா இன்னும் மெதுவாகச் சொன்னாள். பின்னால் நின்ற பூண்டுக் காட்டுப் பெண்கள், ஊருக்குள் யாரோ வந்து யாருக்கோ ஆரத்தி எடுப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் கட்சியின் தேர்தல் பணிக்குழு ஏற்பாடு. மகாராணிக்குச் சீட்டு கிடைத்த மறுநாளே சென்னையிலிருந்து செல்வமுருகன் தலைமையில் ஒரு கூட்டம் வந்து இறங்கி, டவுனில் ஒரு லாட்ஜின் மாடி முழுவதையும் எடுத்துக்கொண்டது. செல்வமுருகனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காதில் எப்போதும் எதையோ மாட்டியிருப்பான், அதனால் அவன் தன்னிடம் பேசுகிறானா வேறு யாரிடமோ பேசுகிறானா என்று மகாராணிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நல்ல பையன்தான், குரலை உயர்த்த மாட்டான். "நீங்க சும்மா நில்லுங்க மேடம், மத்தத கமிட்டி பாத்துக்கும்" என்பான். பார்த்துக்கொண்டுதான் இருந்தது. என்ன நிறத்தில் சேலை, எந்தக் கையைத் தூக்கிக் காட்டுவது, எந்த முக்கில் இறங்கிக் குழந்தையைத் தூக்குவது என்று எல்லாம் அவர்களே முடிவு செய்தார்கள். கல்யாணப் பெண்ணை இப்படித்தான் உட்கார் எழுந்திரு என்பார்கள். ஆனால் கல்யாணப் பெண்ணுக்கு, யாரோடு கல்யாணம் என்பதாவது தெரிந்திருக்கும்.

பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை பார்த்தவள் மகாராணி. வார்டு கவுன்சிலராக நின்று ஜெயித்தபோதுகூட அந்த வேலையை விடவில்லை. அப்போது கமிட்டி கிமிட்டி எதுவும் கிடையாது, காரட் சீவிய கையோடு வீடு வீடாகப் போனாள். இந்த முறை எம்.எல்.ஏ. தேர்தல் என்பதால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று விடுதியில் சொல்லியாயிற்று. தோற்றால் அடுப்பும் இல்லை, பதவியும் இல்லை. வீட்டுக்காரர் குமார் பூத் வேலை என்று அடிவாரத்தில் அலைந்துகொண்டிருந்தார், ராத்திரி வந்தால் படுத்ததும் தூங்கிவிடுவார். ஜெயிப்போமா என்று கேட்க வீட்டிலும் ஆளில்லை.

செல்வமுருகனிடம் ஒரு மேப் இருந்தது. தொகுதி முழுக்க மூன்று நிறம். பச்சை நம்முடையது, சிவப்பு அவர்களுடையது, மஞ்சள் இன்னும் முடிவு செய்யாதவர்கள். மஞ்சளுக்குத்தான் வேன் போகும். அட்டுவம்பட்டிக்குக் கீழே இருக்கும் அவளுடைய காலனியும் பச்சைதான். சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள், எல்லாம் அவள் தூக்கி வளர்த்த பிள்ளைகள், அவளைத் தூக்கி வளர்த்த பெரியவர்கள். "அங்க உங்களுக்கு விழாத ஓட்டா மேடம்? டைம் வேஸ்ட்" என்றான் செல்வமுருகன். மகாராணிக்கும் அது நியாயமாகவே பட்டது. பிரச்சாரம் தொடங்கியதிலிருந்து வெள்ளனே கிளம்பி, தெரு அடங்கியபின் வந்தாள். சொந்தத் தெருவில் யார் முகத்தையும் நின்று பார்க்கவில்லை.

ஆனால் அடுத்த வீட்டுச் சின்னத்தாய் கொஞ்ச நாளாகவே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். விடுதி அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர்கள் இருவரும். இருவருடைய அம்மாக்களும் சிலோன் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பிறந்தவர்கள். அன்று விடியுமுன் குழாயடியில், "என்னக்கா, தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்று மகாராணிதான் முதலில் பேசினாள். சின்னத்தாய் பாதிக் குடத்தோடு எழுந்து போய்விட்டாள். பொறாமையா? சின்னத்தாய்க்கு அது தெரியாது. அந்தக் கட்சிக்காரர்கள் யாரும் மனசைக் கலைத்துவிட்டார்களா? வேன் மேலே நின்று கும்பிட்டுக்கொண்டே அன்று முழுக்க அதையேதான் யோசித்தாள்.

சாயங்காலம் செண்பகனூர் வந்ததும் வண்டிகளெல்லாம் ஒரு டீக்கடை முன்னால் நின்றன. செல்வமுருகன் நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்து, "மேடம், வேன், மைக்செட், டீம் எல்லாம் இப்பவே கீழ இறங்குது. வேற தொகுதிக்கு ஷிஃப்ட்" என்றான். பிரச்சாரம் முடிய இன்னும் இரண்டு நாள் கிடந்தது. மகாராணி டீயைப் பெஞ்சில் வைத்தாள்.

"அப்ப எனக்கு?"

"உங்க தொகுதி ஸ்ட்ராங்கா இருக்கு மேடம். நம்ம ஆளு எங்க வீக்கோ அங்கதான கமிட்டி சப்போர்ட் பண்ணும்?"

அதுவும் சரிதானே என்று அவள் மனம் தேறுவதற்குள், அவளுடைய ஜீப் டிரைவர் பாலகுமார் பக்கத்தில் வந்து நின்றான். உள்ளூர்ப் பையன். "அப்பிடியா சொன்னாக? தோக்குற எடத்துல எதுக்கு டீசல ஊத்தணும்னு மேல சொல்லிட்டாகளாம்க்கா. வேன் டிரைவர் சொன்னாரு" என்றான். அதுவும் சரியாகத்தான் இருந்தது. ஒரே வேன் ஒரே ரோட்டில்தான் இறங்குகிறது, ஜெயிப்பவளையும் தோற்பவளையும் ஒரே மாதிரிதான் விட்டுவிட்டுப் போகும் போலிருக்கிறது.

அவள் செல்வமுருகனிடமே நேராகக் கேட்டாள். "தம்பி, நான் செயிப்பனா, தோப்பனா? ரெண்டுல ஒன்ன சொல்லிட்டுப் போங்க."

"டேட்டா நல்லா இருக்கு மேடம்" என்றான் அவன். காதில் மாட்டியிருந்ததைத் தொட்டுக்கொண்டு, "வந்துட்டேன் சார்" என்றான். பச்சைச் சேலைக்காரம்மா வண்டி ஜன்னல் வழியாக அவளுக்கு மட்டும் கையசைத்தாள். அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் அந்த அம்மாவை மட்டும்தான் மகாராணியால் நம்ப முடிந்தது. அவளுக்கோ இங்கே ஓட்டு இல்லை.

பாலகுமார் காலனி முனையில் இறக்கிவிட்டான். வெளிச்சம் இருக்கும்போது தெருவுக்குள் நடப்பது எத்தனையோ நாள் கழித்து இன்றைக்குத்தான். மாடுபோல் மெதுவாக மேகம் இறங்கி வந்துகொண்டிருந்தது. வாசல்களில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தன் வீட்டுப் பூட்டைத் திறக்கப் போனவள், மனசு கேட்காமல் சின்னத்தாய் வீட்டுக்குள் நுழைந்தாள். சின்னத்தாய் அடுப்பு முன்னால் இருந்தாள். திரும்பவில்லை.

"அக்கா, ஏன் பேச மாட்டேங்கிற? நான் தோத்துருவேன்னு ஒனக்கும் தெரிஞ்சுபோச்சா?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும். அந்தக் கட்சிக்காரன் ரெண்டு தரம் வந்துட்டான். வாசல்ல நின்னு, அம்மா ஓட்டுப் போடுங்கன்னு கும்பிட்டான். ஒன்னத்தான் காணோம்."

"ஒங்கிட்ட நான் கேக்கணுமாக்கா?"

சின்னத்தாய் இப்போதுதான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, புகையாலா என்று தெரியவில்லை. "கவுன்சிலருக்கு நின்னப்ப கேட்டியே. கேட்டா கொறஞ்சா போயிருவ? கேக்காத வீட்டுல எப்பிடிப் போடுறது? நாங்களா தூக்கிட்டு வந்து குடுக்கணுமா? ஊரு ஒலகமெல்லாம் கேக்குற. இந்தத் தெருவுல ஒரு வீட்டுல கேட்டியா?"

மகாராணிக்குச் சட்டென்று அழுகை வந்தது. அழவில்லை. வெளியே போய், செருப்பை மாட்டி, தெருவில் இறங்கி நின்று, மறுபடி வாசலுக்கு வந்தாள். கும்பிட்டாள். கமிட்டி மனப்பாடம் செய்யவைத்த வாக்கியம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"அக்கா, மகாராணி வந்திருக்கேன். எனக்கு ஓட்டுப் போடுங்க."

சின்னத்தாய் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கமிட்டி எடுத்துக் கொடுத்த சேலை அது. "நில்லு" என்று உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. எவர்சில்வர் தட்டில் தண்ணீரும் மஞ்சளுமாகத் திரும்பி வந்தவள், மகாராணியைத் தாண்டி வாசலில் இறங்கி, "ஏலே, யாரு வீட்டுல சுண்ணாம்பு இருக்கு?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டாள். வெற்றிலை போடும் நல்லையா எதிர்வீட்டிலிருந்து சிறு டப்பாவோடு, அவசரமில்லாமல் வந்தார்.

"ஆரத்தி எடுத்தா ஓட்டும் விழும்னு நெனச்சுக்கிராத" என்றாள் சின்னத்தாய், சுண்ணாம்பை விரலில் எடுத்தபடி. "ஆரத்தி வேற, ஓட்டு வேற. அத அன்னைக்குப் பாத்துக்கிருவோம்."

மகாராணி கூப்பிய கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். தெருவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நின்றிருந்தார்கள், தங்களிடமும் வந்து கேட்கட்டும் என்பதுபோல. தட்டில் சின்னத்தாயின் விரல் சுற்றச் சுற்ற, மஞ்சள் தண்ணீர் ஓரத்தில் மட்டும் சிவக்கத் தொடங்கியிருந்தது.