சத்து மாத்திரை

மருந்தியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஈஸ்வரி விடுமுறைக்குக் கூமாப்பட்டி வந்திருந்தாள். அலமாரியில் இருந்த அம்மாவின் மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் படித்தாள். அது மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து. போன பரீட்சைக்குத்தான் அதைப் படித்திருந்தாள்.

“ஏட்டி, அது சத்து மாத்திரை” என்றாள் அம்மா.

“நான் இதைத்தாம்மா படிக்கேன்.”

அம்மா அட்டையை வாங்கி அலமாரியில் வைத்தாள். “அப்பா பட்டாளத்துல கெடக்காரு. நீ பரீட்சைல இருந்த. யாருகிட்டச் சொல்ல? ஆபரேசனுக்கும் தனியாத்தான் போனேன்.”

விடுதியிலிருந்து தினமும் போனில் பேசியும் அம்மாவின் குரலில் எதுவுமே தெரியவில்லையே என்று ஈஸ்வரி அழுதாள்.

மறுவாரம் இருவரும் பஸ்ஸில் இராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னாள். அவளுக்கு எல்லாம் பழகியிருந்தது. ஈஸ்வரி அவளுடைய பையை மடியில் வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.