சொந்தக்காரர் இல்லாத ஊர்

வெற்றிச்செல்வி வெளிநாடு போகப்போகிறாள் என்று தெரிந்தபோது, எந்த நாட்டுக்கு என்று தெருவில் யாரும் முதலில் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் எப்படி இவ்வளவு தூரம் வந்தாள் என்பதுதான் பேச்சாக இருந்தது. சேலை எடுத்தாலே மூன்று வீட்டில் காட்டிவிட்டு மடித்து வைக்கிறவள். அவள் போய்ப் பாஸ்போர்ட் எடுக்கிறாள் என்றால் தெருவுக்குக் கோபம் வருமா வராதா?

அவள் பக்கமும் நியாயம் உண்டு. பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவன் பரணிதரனுக்கு உரக்கடை. மகள் சிந்து கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து வெற்றி போன ஊர்களுக்கெல்லாம் வேனில்தான் போனாள். அதுவும் கடைசி சீட்டில். புளிசாதத் தூக்கும் தயிர்சாத வாளியும் அங்கேதான் இருக்கும். அவற்றைக் கவிழாமல் பிடித்துக்கொள்ள வீட்டு மருமகளை விட்டால் யார்? கொடைக்கானலை அவள் பார்த்திருக்கிறாள், சாம்பார் வாளிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தெரிந்த அளவுக்கு. குற்றாலத்தில் எல்லோரும் குளித்து முடித்து வந்து பசிக்கிறது என்றார்கள். அருவி எந்தப் பக்கம் இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளால் சொல்ல முடியாது.

அவள் சிநேகிதி சோபியாவின் கதையும் இதே கதைதான், வாளி மட்டும் வேறு. வரதராஜன்பேட்டையில் பிறந்து, அரியலூரில் வாக்கப்பட்டு, அங்கேயே இங்கிலீஷ் டீச்சராக இருக்கிறவள். வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்குப் போவாள். மாதாவைப் பார்த்ததைவிட அடுப்பைப் பார்த்ததுதான் அதிகம் என்பாள். திருச்சியில் பி.எட். படித்தபோது இருவரும் ஒரே ரூம். இப்போதும் சனிக்கிழமையானால் வெற்றி பஸ் ஏறி அரியலூர் போவாள். பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் பேக்கரியில் இருவரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். பிரபலமான பேக்கரி ஒன்றுமில்லை. பப்ஸ் நமத்துப் போயிருக்கும். தெரிந்த முகம் வராது, அவ்வளவுதான் அதன் பெருமை.

அங்கேதான் திட்டம் பிறந்தது. இரண்டே பேர். மூன்று ஊர். பசிக்கிற நேரத்தில் சாப்பாடு, யாரோ சமைத்தது.

"சிங்கப்பூர்" என்றாள் சோபியா.

"அரவிந்தன் இருக்கான். எங்க நாத்தனா மவன்."

"மலேசியா."

"உங்க மதினி தம்பி ஆரோக்கிய பிரபு எங்க இருக்காரு?"

சோபியா பப்ஸைக் கீழே வைத்தாள். "கோலாலம்பூர்லதான் இருந்து தொலையிறாரு. துபாய்?"

"அதுக்கு எங்க தெருவுலயே இருந்துக்கலாம். பாதிப் பேரு அங்கதான் இருக்காங்க."

இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒரு ஊரில் சொந்தக்காரர் இருக்கும்போது ஒருத்தர் லாட்ஜில் ரூம் போட்டால், சொந்தக்காரரை நடுத்தெருவில் நிறுத்தி அறைந்ததற்குச் சமம். அந்தப் பேச்சு இரண்டு தலைமுறைக்கு ஓடும். சரி, போய்த் தங்கினால்? வெறுங்கையோடு போக முடியாது. வடகம், மிளகாய்த்தூள், முருங்கைக்கீரைப் பொடி, ஊறுகாய் எல்லாம் சுமக்க வேண்டும். போய் இறங்கினதும், ஒரு பொம்பளை அடுத்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? வெங்காயமாவது உரிக்க வேண்டும். அப்புறம் எதற்குப் பிளேன் ஏறுவது, திருமானூர் நாத்தனார் வீட்டுக்கே போய் உரிக்கலாமே.

ஆகவே இரண்டு டீச்சர்களும் ஊர் தேடிய விதம் உலகத்தில் வேறு யாரும் தேடாத விதம். மற்றவர்கள் கடற்கரை இருக்கிறதா, கடை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவர்கள் இரண்டு குடும்பத்து வம்சாவளியையும் விரலில் எண்ணி, ஆள் இல்லாத நாடாகத் தேடினார்கள். அப்படித் தேறியது வியட்நாம். ஹோசிமின், தா நாங், ஹனோய். மூன்று ஊரிலும் மருந்துக்குக்கூட ஒரு சொந்தம் கிடையாது. சந்தோஷத்தில் சோபியா இன்னொரு பப்ஸ் சொன்னாள்.

டிராவல்ஸ் மகேஷிடம் வெற்றி கேட்ட முதல் கேள்வியை அவன் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"ஏன் தம்பி, பிளைட்டு ஊருக்குள்ள போவுமா, இல்ல பைபாஸ்லயே எறக்கி வுட்ருவாங்களா?"

ரயில் இல்லாத ஊர்க்காரி வேறு எதைக் கேட்பாள்? சென்னையிலிருந்து வருகிற பஸ்ஸில் பாதி, ஊருக்குள் வராமல் பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து பெட்டியோடு ஆட்டோவுக்குக் கெஞ்ச வேண்டும். மகேஷ் சிரித்து முடித்துவிட்டுப் போனில் தேடிப் பார்த்தான். பிறகு முகம் மாறி, "ஹனோய்ல பைபாஸ்தான் டீச்சர்" என்றான்.

பரணிதரன் தடை சொல்லவில்லை. ஒரே நிபந்தனை: "அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நீயே பேசிக்க, நான் கடையில இருப்பேன்." அக்கா என்றால் திருமானூர் கலியம்மாள். தம்பி வீட்டில் குக்கர் மாற்றினாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இவ்வளவு மறைத்தவள் ஒரு இடத்தில் கோட்டை விட்டாள். பாஸ்போர்ட்டுக்கு விசாரணை வரும், அக்கம்பக்கத்தில் சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். வெற்றி கணக்குப் போட்டாள். பக்கத்து வீட்டு லீலா மேரி, ரிட்டயர் ஆன தலைமையாசிரியை. எப்படியும் ஜன்னலிலிருந்து பார்த்துவிடுவாள். அவளையே சாட்சியாகப் போட்டுவிட்டால், நம்மை நம்பிப் போட்டாளே என்று வாயைக் கட்டுவாள்.

கணக்கு டீச்சர் போட்ட கணக்கு. போலீஸ்காரர் வந்தபோது வெற்றி பள்ளியில் இருந்தாள். அவர் விசாரிக்க வந்தவர். விசாரித்தது லீலா மேரி. நாற்காலி போட்டு, காபி கொடுத்து, எந்த ஊர், யாரோடு, எப்போது, வீட்டுக்காரர் கூடப் போகிறாரா என்று அவருக்கே தெரியாததையெல்லாம் கேட்டு, தெரியாத இடங்களைத் தானே நிரப்பிக்கொண்டாள். பள்ளி விடுவதற்குள் தெரு முழுக்கப் பரவியது. பொழுது சாயும்போது சேதி கொள்ளிடக்கரைத் திருமானூருக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கலியம்மாள் வந்து இறங்கினாள். இரண்டு கையிலும் இரண்டு கட்டைப் பைகள். பரணிதரன் செருப்பைத் தேடிக்கொண்டு கடைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

"ஏன்டி செல்வி, போலீசு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"இல்லீங்க அண்ணி, இன்னும் டிக்கெட்டே போடல..."

"போடு, வேணாங்கல. ரெண்டு பொம்பளைங்க தன்னந்தனியா எங்கடி தங்குவீங்க?"

"ஓட்டல்லதாங்க. அங்க நம்ம ஆளுங்க யாரும் இல்லீங்க அண்ணி." இதைச் சொல்லும்போது மட்டும் வெற்றியின் குரலில் ஒரு தெம்பு இருந்தது.

கலியம்மாள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா? எங்க கொழுந்தனாரு ஆண்டவரு இருக்காருல்ல, அவரு மவன் முத்தமிழ்செல்வன் அங்கதான் இருக்கான். தா நாங்கு. தமிழ் ஓட்டல்ல மாஸ்டரு."

"அந்தத் தம்பி மஸ்கட்ல இல்ல இருந்துச்சு?"

"மாறிட்டான். தனி வூடு, ரெண்டு ரூமு, பால்கனி வேற இருக்காம். பேசிட்டேன். நீங்க எறங்குற ஊருக்கே வந்து நிப்பான். மூணு ஊருக்கும் கூடவே வருவான். ஓட்டலெல்லாம் வேணாம், அவன் வூட்டுலயே பொங்கித் தின்னுட்டு எல்லாத்தையும் பாத்துட்டு வாங்க. அவனுக்கும் வாய்க்கு ருசியா சோறு கெடச்ச மாதிரி இருக்கும்."

சமையல் மாஸ்டருக்குச் சோறு பொங்கிப் போட பெரம்பலூரிலிருந்து ஆள் போக வேண்டுமாம். வெற்றியின் மனசு இதைச் சரியாகத்தான் சொன்னது. வாய் மட்டும், வழக்கப்படி, "சரிங்க அண்ணி" என்றது. இத்தனை வருஷமாக அந்த வாய் அவளைக் கேட்டதில்லை.

கலியம்மாள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும், மொட்டை மாடியில் காயப்போட்ட துணிக்கு நடுவில் நின்று வெற்றி சோபியாவைக் கூப்பிட்டாள். நடந்ததையெல்லாம் போனில் சொன்னாள்.

"நீ என்னடி சொன்ன?"

"சரின்னுட்டேன்."

"அப்ப நீ போயிட்டு வா. நான் உன்கூட வரேன்னுதான் சொன்னேன். உங்க வூட்டு வேன்ல வரேன்னு சொல்லல."

போன் கட்டாகிவிட்டது. வெற்றி ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வியட்நாம் போனால் போகிறது. சனிக்கிழமை? அந்தப் பேக்கரியும் போய்விட்டால், அவளை வெற்றி என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்? டீச்சர், அத்தை, செல்வி, ஏங்க. இவ்வளவுதான் மிச்சம்.

அந்தப் பயம்தான் அவளைத் தள்ளியது. அண்ணியிடம் முடியாதென்று சொல்ல வாய் வராது. அந்தப் பையனிடம் சொல்லிப் பார்த்தால்? கீழே போய், தூங்குகிற கலியம்மாளின் போனில் நம்பரைப் பார்த்து வந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

"முத்தமிழு, நான் பெரம்பலூர் அத்தை பேசறேன்."

"அத்தை" என்றான் அவன். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். வெளியே எங்கேயோ வந்து நின்றவன் குரலைத் தாழ்த்தினான். "கோச்சுக்காதீங்க அத்தை. நீங்க வரலன்னு பெரியம்மாகிட்ட சொல்லிட முடியுமா?"

"ஏன்ப்பா?"

"தனி வூடெல்லாம் இல்லீங்க அத்தை. கடைக்கு மேல ஒரே ரூமு. ஆறு பேரு படுத்திருக்கோம். பால்கனின்னு சொன்னது துணி காயப்போடற எடம். மஸ்கட்ல இருந்தப்ப வாரா வாரம் யாராவது நம்மூர்லேர்ந்து வந்து படுத்துக்குவாங்க. பெட்டிய தூக்கிட்டுப் போயி விடறதே எனக்கு வேலையாப் போச்சு. சொந்தக்காரங்க யாரும் இல்லாத ஊராப் பாத்துத்தான் இங்க வந்தேன்."

வெற்றி மொட்டை மாடியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கவில்லை. கலியம்மாள் எழுந்துவிடப் போகிறாளே என்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பக்கத்து மாடியில் வற்றல் திருப்புகிற சாக்கில் நின்ற லீலா மேரி, பாவம் அழுகிறாள் என்றே நினைத்தாளாம்.

"நாங்களும் அப்பிடிப் பாத்துத்தான் தம்பி அந்த ஊர எடுத்தோம்" என்றாள் வெற்றி.

அதற்குப் பிறகு பேரம் சுமுகமாக நடந்தது. அவர்கள் ஓட்டலில் தங்குவார்கள். அவன் வேலைக்குப் போவான். கலியம்மாள் வீடியோவில் கூப்பிடுவாள் என்பது நிச்சயம். ஆகவே தா நாங்கில் ஒரு மத்தியானம் முதலாளி வீட்டு ஹாலை அவன் கேட்டு வாங்குவான். மூவரும் சோபாவில் உட்கார்ந்து பேச வேண்டியது, பிறகு அவரவர் வழியில் போக வேண்டியது. போனை வைக்கும் முன் அவன் கொஞ்சம் தயங்கினான்.

"அத்தை, பெரியம்மா வடகம் குடுத்தாங்கன்னா, அதை மட்டும் கொண்டாந்துடுங்க."

சோபியா முதல் இரண்டு அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாவதை எடுத்து, கேட்டு, ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு டீச்சர் குரலில் தீர்ப்புச் சொன்னாள்: "சரி போ. ஒரு மணி நேரம் சொந்தக்காரங்களா இருந்துட்டு வந்துடலாம். வெங்காயம் உரிக்கச் சொன்னா மட்டும் எழுந்திரிச்சிருவேன்."

சாயங்காலம் வெற்றி நாத்தனாரைப் பஸ் ஏற்றப் போனாள். திருமானூர் வழியாகப் போகிற தஞ்சாவூர் பஸ் இன்னும் வரவில்லை. கட்டைப் பைகள் இப்போது வெற்றியின் வீட்டில் இருந்தன, வடகத்தோடு. கலியம்மாள் கையை வீசிக்கொண்டு நின்றாள். முத்தமிழ் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதாக வெற்றி சொன்னாள். பொய் இல்லை, சொல்லத்தான் சொன்னான்.

"ஏன்டி, அந்த ஊர்ல காலையில எந்திரிச்சா காப்பி யாரு போடுவா?"

"ஓட்டல்லயே குடுப்பாங்கண்ணி."

"நீ எந்திரிச்சுப் போட வேணாமா?"

"வேணாங்கண்ணி."

கலியம்மாள் கொஞ்ச நேரம் எதிரில் நின்ற துறையூர் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது. முந்திக்கொண்டு போய் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, படிக்கட்டில் ஒரு காலை வைத்தவள் திரும்பி வந்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள்.

"பாஸ்போர்ட்டுக்குப் போலீசு வூட்டுக்கு வந்துதான் தீரணுமா? மருமவளுக்குத் தெரியாம எடுக்க முடியாதா?"

வெற்றியும் அக்கம்பக்கம் பார்த்தாள். "யாருக்குங்க அண்ணி?"

"எனக்குத்தான். எங் கூட்டாளி, எறையூரு அமாவாசை பொண்டாட்டி, ரெண்டு பேருமா எங்கயாச்சும் போவலாம்னு ரொம்ப நாளா கூப்புடுறா. யாருகிட்டயும் மூச்சு வுடாத, ஒம் புருசன்கிட்ட கூட."

"சிங்கப்பூர்தானுங்களே? உங்க மவன் அரவிந்தன் இருக்கான்..."

"அங்க போயி அவனுக்கு சோறாக்கவா?" கலியம்மாள் படியேறினாள். கண்டக்டர் விசில் ஊதினான். ஜன்னலோரம் உட்கார்ந்து கைக்குட்டையை உதறி இடுப்பில் செருகியவள், தலையை வெளியே நீட்டினாள்.

"நம்மாளுங்க இல்லாத ஊரா ஒண்ணு பாத்து வையி."