வேண்டாமுக்கு ஒரு பூ

பெரியசாமி கோயிலில் பூக் கேட்கும் நாளென்றால் பொட்டலம் கட்டுவது கலைச்செல்வியின் வேலை. வெள்ளைப் பூ ஒரு இலையில், சிவப்புப் பூ ஒரு இலையில். சாமி காலடியில் வைத்ததும் குழந்தை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. அதற்கப்புறம் மலைமேல் அந்தத் திருப்புலி நாட்டு ஊர்களில் எவனும் வாய் திறக்க மாட்டான்.

அன்றைக்குக் கேட்க வந்தவர் அவளுடைய தாய்மாமன் மாணிக்கம். மலையடிவாரச் சேந்தமங்கலத்தில் இருந்துகொண்டு நிலம் பேசி முடிக்கிறவர், வாயில் சர்க்கரை. ஊற்றடிப் பொது நிலத்தில் ரிசார்ட் கட்ட அவர் ஒரு கம்பெனியைக் கூட்டி வந்திருந்தார். அந்த ஊற்றுத் தண்ணீர் இறங்கி வந்துதான் கலைச்செல்வியின் மரவள்ளி பிழைக்கிறது, மிளகுக்கொடி பிழைக்கிறது, அவளும் பிழைக்கிறாள். அதை நினைத்தபடியேதான் இலையை விரித்தாள்.

"வெள்ளைக்கு என்னங்க மாமா, செவப்புக்கு என்னங்க?"

"வெள்ளை வந்தா தையில குத்தகைக்கு உடறது. செவப்பு வந்தா சித்திரையில."

மடித்த விரல் நின்றுபோனது. அடேங்கப்பா! ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் சாமியையே கடிக்க வந்துவிட்டாரே மனுஷன்! எந்தப் பூ வந்தாலும் ஊற்று போச்சு. கூட்டமோ அதற்குள் தையா, சித்திரையா என்று வாதம் பண்ண ஆரம்பித்திருந்தது.

"அப்ப, வேண்டாம்னு சொல்லோணும்னா சாமி எந்தப் பூவைக் குடுக்குமுங்க?" என்றாள்.

மாணிக்கத்தின் முகம் சுருங்கியது.

"ஏங்கண்ணு, ஊருப் பசங்களுக்கு வேலை கெடைக்கறது உனக்குப் பொறுக்கலையா?"

தலைகள் திரும்பின. பொறுக்கிறது என்றால் நிலத்தைக் கொடு. பொறுக்கவில்லை என்றால் நீ வயிற்றெரிச்சல்காரி. அந்த ரிசார்ட்டில் டிரைவர் வேலைக்கு ஆசைப்பட்டு நின்ற அவள் புருஷன் யுவராஜும் அவளையே பார்த்தான். பாதி மடித்த இலையை மாமன் முன்னால் நீட்டினாள்.

"ரெண்டு கேள்விய ஒரே பொட்டலத்துல மடிக்கறீங்க மாமா. வேலை வேணுமான்னு தனியாக் கேளுங்க, மொதல்ல நாந்தான் கையத் தூக்குவேன். ஊத்தைக் குடுக்கலாமான்னு தனியாக் கேளுங்க."

பூசாரி அப்பாசாமி தொண்டையைச் செருமினார். "புள்ள சொல்றது ஞாயந்தானுங்க. குடுக்கலாமா வேண்டாமான்னு ஊரே இன்னும் பேசலை. நாம பேசாததைச் சாமி தலையில கட்டலாமுங்களா?"

பிறகுதான் பேச்சே பிறந்தது. தன் காட்டுக்கும் அதே தண்ணீர்தான் என்றாள் ஒருத்தி. மகன் திருப்பூரில் போய்க் கிடப்பதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார் ஒருவர், அதுவும் மெய்தானே. யுவராஜ் கடைசியாக எழுந்தான். "எனக்கு வேலை வேணுமுங்க. ஊத்தை வித்துத்தான் வேணும்னு நான் எப்பவும் சொல்லலீங்க," என்றான்.

மாணிக்கம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அந்தச் சர்க்கரைப் பேச்சு எங்கேயோ போயிருந்தது.

"ஏங்கண்ணு, ஊத்துப் பக்கமே வராம, ரோட்டு மேட்டுல எடம் கேட்டா ஊரு ஒத்துக்குமா?"

கலைச்செல்விக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"இப்பத்தானுங்க மாமா கேள்வி கேக்கறீங்க."

பழைய பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புது இலையை விரித்தாள்.

"வெள்ளைக்குச் சரி, செவப்புக்கு வேண்டாம். கட்டட்டுங்களா?"