கரண்ட் போன பிறகும் ஓடியது

முத்துச்செல்வி போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸான அதே வாரத்தில்தான், அவள் வேலை பார்த்த கம்பெனியில் பழைய மெஷினைக் கழற்றிவிடுவது என்று முடிவானது. இரண்டும் சேர்ந்து வந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. இருந்தாலும் நடந்ததை நினைக்கும்போது எனக்கு அந்த வாரத்தின் மேல்தான் முதலில் கோபம் வருகிறது. ஒரு வாரத்தின் மேல் கோபப்படுவது கிறுக்குத்தனம். மனிதர்கள் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால், யார் மேல் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

தென்காசிக்கும் அச்சன்புதூருக்கும் நடுவில், வயல்களை ஒட்டி இருக்கிறது கம்பெனி. சிப்ஸ், மிக்சர், அல்வா போடுகிற பளபளப்பான பைகளுக்கு அங்கே பிலிம் தயாரிக்கிறோம். நான் அச்சுப் பிரிவு. முத்துச்செல்வி ஒட்டுகிற மெஷின். இரண்டு மெல்லிய பிலிம்களுக்கு நடுவில் பசை தடவி, இரண்டு ரோலர்களுக்கு இடையில் விட்டு அமுக்கினால் ஒரே பிலிமாக வெளியே வரும். அதைப் பெரிய ரோலாகச் சுற்றி எடுக்க வேண்டும். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அருவியில் குளித்து எழுந்தவன் பசியோடு நேரே சிப்ஸ் கடைக்குத்தான் போகிறான்.

முத்துச்செல்வியின் அப்பா சுடலைக்கண்ணு அச்சன்புதூரில் நெல் போடுகிறவர். மகன் ராணுவத்தில் இருக்கிறான். மகளும் காக்கி போட்டுவிட்டால் அந்த மனிதருக்கு வேறு எதுவும் வேண்டாம். எழுத்துத் தேர்வு முடிவு வந்ததுமே மகள் எஸ்.ஐ. ஆகிவிட்ட மாதிரி டீக்கடையில் பேசித் திரிந்தார். இன்னும் ஓட்டம், தாண்டுதல், பந்து எறிதல் எல்லாம் பாக்கி இருந்தது. அவள் விடியற்காலையில் கால்வாய்க் கரையில் ஓடிவிட்டு, தலை ஈரம் காயாமல் வேலைக்கு வருவாள்.

"ஏட்டி, நாளைக்கு எங்க பைக்கையும் மறிச்சு லைசென்ஸ் கேப்பியோ?" என்று நான் சீண்டினால்,

"ஹெல்மெட் போடாம வந்தா அண்ணாச்சின்னும் பாக்கமாட்டேன்" என்பாள். சொன்னபடி செய்திருப்பாள், சந்தேகமே இல்லை.

பழைய மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரே மோட்டார். அதிலிருந்து நீளமான இரும்பு ஷாஃப்ட் ஒன்று மெஷினுக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகும். எல்லா ரோலரும் பல்சக்கரம் வைத்து அதோடு பிணைந்திருக்கும். ஓடினால் எல்லாம் ஓடும். கரண்ட் போனால் கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், எல்லாம் ஒன்றாக நின்றுவிடும்.

எங்கள் பக்கம் கரண்ட் போவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று கொஞ்சம் வேகமாக வீசினால் எங்கேயாவது லைன் அறுந்துவிடும். மெஷின் நின்றால் ரோலரில் ஒட்டியிருக்கும் பசை இறுகிவிடும். இறுகினால் ரோலரின் மேல் ரப்பரே பாழ். அதனால் லைட் அணைந்த உடனே பசையைக் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியை எடுத்து, ரோலர் இடுக்கில் கையை விட்டுத் துடைத்துவிட வேண்டும். ஒரு பக்கம் ஆவுடைத்தாய் அக்கா, மறு பக்கம் முத்துச்செல்வி. யார் முந்துவது என்று இருவருக்கும் போட்டியே நடக்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்: கரண்டு போச்சுன்னா துணியை எடு.

புது மெஷினுக்கு வழி சொல்ல முதலாளி அகமது கபீர் தன் தங்கை மகன் யஹ்யாவைக் கூப்பிட்டார். அவன் சவுதியில் பெரிய பிலிம் ஆலை ஒன்றில் டிரைவ் எஞ்சினியராக இருந்துவிட்டு அப்போதுதான் சொந்த ஊரான வடகரைக்குத் திரும்பியிருந்தான். டிரைவ் என்பது, மோட்டார் எந்த வேகத்தில் எவ்வளவு இழுவையோடு சுற்ற வேண்டும் என்று அதற்குக் கட்டளை கொடுக்கிற பெட்டி. யஹ்யா தலைக்கனம் இல்லாதவன். நாங்கள் டீ குடிக்கிற இடத்தில் வைத்தே, எங்கள் காதில் விழும்படிதான் மாமனுக்கு விளக்கினான்.

"மூணு வழி இருக்கு மாமா. பழையபடி ஒரே மோட்டாரு, ஒரே ஷாஃப்ட்டு. ஆனா ரோலு பெருசாகப் பெருசாக இழுவை மாறிக்கிட்டே வரும். இப்ப வருத மெல்லிசு பிலிமு அதுக்குத் தாங்காது."

"ரெண்டாவது?"

"ஒவ்வொரு ரோலருக்கும் தனி மோட்டாரு, தனி டிரைவு. ஒண்ணு செய்யுதது இன்னொண்ணுக்குத் தெரியாது. மெஷினு செஞ்சு தருத கோயம்புத்தூர்க்காரரு சொல்லுதது இதுதான். ஓடும்போது ஒரு குத்தமும் தெரியாது. கரண்டு போனாத்தான் தெரியும். லேசான ரோலரு பட்டுனு நின்னுரும். கனத்த ரோலு சுத்திக்கிட்டே இருக்கும். பிலிமு அறுந்து ரோலரையெல்லாம் சுத்திக்கிடும்."

"வேண்டாம். மூணாவதைச் சொல்லு."

"அதுலயும் தனித்தனி மோட்டாருதான். ஆனா எல்லா டிரைவுக்கும் பொதுவா ஒரே லைனுல இருந்து கரண்டு போகும். மேல ஒரு கன்ட்ரோலரு இருந்து எல்லாத்தையும் பாத்துக்கிடும். நாலு பேரு நாலு மூலையில பிடிச்சுப் பாயைத் தூக்குத மாதிரி. ஒருத்தன் கை தளர்ந்தா மத்தவனுக்குத் தெரியும். வெளியில கரண்டு போச்சுன்னு வைங்க, சுத்திக்கிட்டு இருக்கிற பெரிய ரோலு இருக்குல்லா, அந்தச் சுத்துலயே கரண்டு உண்டாகும். அதை மத்த மோட்டாருக எடுத்துக்கிடும். எல்லாம் சேந்து மெதுவா வேகம் கொறஞ்சு நிக்கும். பிலிமு அறவே அறாது."

கபீர் முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப, கரண்டு இல்லாமலே ஓடுங்கியா?"

"கொஞ்ச நேரம் ஓடும் மாமா."

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். மின்வாரியத்தைத் தோற்கடித்துவிட்ட மாதிரி எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

யஹ்யா தேர்ந்தெடுத்தது சரியானது. இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். அந்தப் பிலிமுக்கு, இந்த ஊர்க் கரண்டுக்கு, அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் அவன் வேலை பார்த்த சவுதி ஆலையில் கரண்ட் போனதே இல்லையாம். கரண்ட் போனால் மோட்டார் என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு விரல் நுனியில் இருந்தது. கரண்ட் போனால் நாங்கள் என்ன செய்வோம் என்று அவனுக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. மூச்சு விடுவதை யாராவது எஞ்சினியரிடம் போய்ச் சொல்வார்களா?

மே மாதம் மெஷின் வந்து இறங்கியது. ஓடவிட்டுப் பார்த்த நாளில் யஹ்யா எங்கள் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மெஷினுக்குக் கரண்ட் வரும் பெரிய சுவிட்சை அணைத்துவிட்டான். சொன்னபடியே ரோலர்கள் ஒன்றுபோல வேகம் குறைந்து, அலுங்காமல் நின்றன. பிலிமில் ஒரு சுருக்கம்கூட இல்லை. முத்துச்செல்வி உட்பட எல்லோரும் கை தட்டினோம். அப்போது தலைக்கு மேல் லைட்டுகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. காற்றாடிகளும் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ சுவிட்சை அணைத்தார்கள், மெஷின் நின்றது, அவ்வளவுதான் எங்களுக்கு. அதைக் கரண்ட் போனதாக எங்களில் ஒருத்தரும் நினைக்கவில்லை.

அமுக்குகிற ரோலருக்கு முன்னால் வலைக் கதவு ஒன்று வர வேண்டியிருந்தது. அதைத் திறந்தாலே மெஷின் நின்றுவிடும் என்றான் யஹ்யா. கதவு செய்கிறவர் சீசன் கழித்துத் தருவதாகச் சொன்னார். முதலாளி சரி என்றார். யஹ்யாவும் சரி என்றான். பழைய மெஷினில் கதவு இருந்ததில்லை, ஆகவே அது இல்லாத குறை எங்கள் கண்ணில் படவே இல்லை.

சாரல் அந்த வருஷம் தாமதம். மெஷின் ஓடத் தொடங்கியதிலிருந்து கரண்ட் ஒழுங்காக இருந்தது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒன்றிரண்டு தடவை போனபோதும் ரோல் மாற்றுவதற்காக மெஷினை நிறுத்திவைத்திருந்தோம். ஜூன் கடைசியில்தான் மலைப்பக்கம் மேகம் இறங்கி, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று பேச்சு வந்தது. ஆர்டர்கள் குவிந்தன. உடல் தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது, அடுத்த வாரம் லீவு வேண்டும் என்று முத்துச்செல்வி முதலாளியிடம் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, "லீவு எதுக்கும்மா, அப்படியே போயிட்டு எங்களுக்குக் காவலுக்கு வா" என்றார்.

மறுநாள் மத்தியானமே வானம் கறுத்து, ஷெட்டுக்குள் லைட் போட்டு வேலை செய்துகொண்டிருந்தோம். காற்று தகரக் கூரையைப் பிய்ப்பது போல அடித்தது. ரோல் கிட்டத்தட்ட முழுதாகச் சுற்றி, ஆள் உயரத்துக்கு இருந்தது. லைட் அணைந்தது. காற்றாடிகள் நின்றன. என் அச்சு மெஷின் கரகரத்து ஓய்ந்தது. ஷெட் முழுக்க அமைதியாகிவிட்டது. புது மெஷின் சத்தம் போடாது. அதையும் ஒரு பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆவுடைத்தாய் அக்காவின் துணி காய்ந்திருந்தது, அதை நனைக்க அவள் தின்னர் கேனிடம் திரும்பினாள். முத்துச்செல்வி எப்போதும் போல முந்திக்கொண்டாள்.

அவள் அலறவில்லை. "அக்கா" என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். எதையோ பிடிக்கச் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை கூப்பிட்டபோதுதான் ஓடினேன். அந்த அரை இருட்டில் ரோலர்கள் மெதுவாக, ஒன்றுபோல, துளி அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. கபீர் முதலாளி ஆபீஸ் அறையிலிருந்து பாய்ந்து வந்து மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பட்டனை அடித்தார். ரோலர்களை விலக்கி அவள் கையை எடுப்பதற்குள் நாங்கள் பட்ட பாட்டை எழுத எனக்கு மனமில்லை. தென்காசியில் கட்டுப் போட்டு, உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

கபீர் முதலாளி ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். வயலிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்த சுடலைக்கண்ணு, என்ன நடந்தது என்று கேட்டபோது, "மெஷினு ஓடிக்கிட்டு இருந்துச்சு அண்ணாச்சி, பிள்ளை கையை விட்டுட்டா" என்றார் முதலாளி. அவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் சுடலைக்கண்ணுவின் மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

அதன் பிறகு அவர் யாரைப் பார்த்தாலும் மகளைத் திட்டினார். நர்ஸிடம் திட்டினார், பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் திட்டினார். "ஓடுத மெஷினுல கையை விடுதவ போலீசுக்குப் போயி என்னத்தைக் கிழிச்சிருப்பா" என்று அவள் காதுபடவே சொன்னார். ஆசை பொசுங்கிப்போன மனிதர், வேறு எங்கே போய்க் கொட்டுவார் என்று எனக்கும் புரிந்தது. புரிந்தாலும், அவர் வாயை அடைக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

யஹ்யா அன்று சென்னையில் இருந்தான். திரும்பி வந்ததும் நேரே மெஷினுக்குப் போய் டிரைவில் பதிவானதையெல்லாம் பார்த்தான். பிறகு ஆவுடைத்தாய் அக்காவிடம், "கரண்டு போயிருந்துச்சே, எதுக்கு அந்தப் பிள்ளை கையை விட்டா?" என்று கேட்டான்.

"கரண்டு போனதுனாலதான் தம்பி விட்டா" என்றாள் அக்கா. துடைக்கிற வழக்கத்தை அப்போதுதான் முதன்முதலாக அவனிடம் சொன்னாள். மெஷின் ஒரு தப்பும் செய்யவில்லை, அவன் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருந்தது.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். முத்துச்செல்வி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள்.

"சார், அன்னைக்குக் கரண்டு போயிருந்துச்சா, இல்லையா?" அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"போயிருந்துச்சும்மா."

"லைட்டு அணைஞ்சுச்சுல்லா?"

"ஆமா. எல்லாம் அணைஞ்சுச்சு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "எனக்கே சந்தேகம் வந்துட்டு சார். நான்தான் கூறு இல்லாம செஞ்சுட்டேனோன்னு. அப்பா நம்பமாட்டேங்காவ. கை போனதைக்கூடத் தாங்கிக்கிடுவேன் சார், இதைத்தான் தாங்க முடியலை. நீங்க சொன்னா நம்புவாவ."

சுடலைக்கண்ணு பிளாஸ்கில் டீயோடு வந்தார். யஹ்யா அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கரண்ட் போனது, பெரிய ரோல் சுற்றிய சுற்றிலேயே கரண்ட் உண்டானது, அப்படி ஓடும்படி வைத்தது தான்தான், துடைக்கிற வழக்கத்தைத் தான் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது. ஒன்றையும் மறைக்கவில்லை. "தப்பு என்னோடது. உங்க மகள் செஞ்சது சரி" என்றான்.

சுடலைக்கண்ணு பொறுமையாகக் கேட்டார். "கரண்டு இல்லாம மெஷினு எப்படித் தம்பி ஓடும்?"

யஹ்யா மறுபடி விளக்கினான். பாயை நாலு பேர் தூக்குகிற கதையையும் சொன்னான். கிழவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தியளா?"

"பாத்தேன் அண்ணாச்சி. லைட்டு இல்லை. ரோலரு சுத்துச்சு."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் இருந்த கோபம் எல்லாம் இறங்கி, களைப்புதான் மிஞ்சியது. "நீங்க ரெண்டு பேரும் நல்ல மனுசங்க. எம் புள்ள மனசு நோகக் கூடாதுன்னு இம்புட்டுத் தூரம் வந்து இல்லாததைச் சொல்லுதிய" என்றார். பிறகு, அத்தனை நாளில் முதல் தடவையாக அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "சரி தாயி. கரண்டு போயித்தான் இருந்துச்சு. அப்பா நம்புதேன். இனி உன்னைத் திட்டமாட்டேன்."

முத்துச்செல்வி அவர் கைக்கு எட்டாமல் தலையை விலக்கிக்கொண்டாள்.

"நீங்க திட்டிக்கிட்டே இருங்கப்பா" என்றாள்.