சும்மா கிடந்த சரிவு

விடியுமுன்பே பெயர் கூப்பிடுவார்கள்; போய் நிற்காவிட்டால் அன்றைய வேலை போச்சு. சாந்தன்பாறை மலையில் ஆவணி மழை. முழங்கால் வரை சுண்ணாம்பும் புகையிலையும் தேய்த்துக்கொண்டு ஏலக்காட்டுக்குள் இறங்கினோம். அப்படியும் அட்டை விடாது. காய் செடியின் அடியில் இருக்கும்; நாள் முழுக்கக் குனிந்துதான் எடுக்க வேண்டும்.

முத்துப்பேச்சி அன்று எங்களோடு இல்லை. மூன்று மாத வயிற்றோடு குனிய முடியாமல், பஞ்சாயத்துக்காக நிலம் அளக்க வந்த சர்வேயருக்குச் சங்கிலி பிடிக்கப் போயிருந்தாள். நிமிர்ந்து செய்யும் வேலை கிடைத்தவள் மேல் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

இரண்டு மாதம் கழித்து யூனியன் செயலாளர் மத்தியாஸ் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஓடி வந்தார். எது கடை, எது வீடு, எது தோட்டம் என்று பஞ்சாயத்து முழுவதுக்கும் சட்டப்படி பொதுத் திட்டம் போட்டு ஒட்டியிருக்கிறார்களாம்.

"நம்ம புள்ளைகளப் பொதச்ச சரிவு தரிசுன்னு இருக்கு. சந்தையும் பஸ் ஸ்டாண்டும் வருதாம். எவன் சொன்னான் தரிசுன்னு?"

"நாந்தாண்ணே," என்றாள் முத்துப்பேச்சி. "சர்வேயரு இங்க என்ன இருக்குன்னு கேட்டாரு. ஒண்ணுமில்ல, சும்மா கெடக்குன்னுட்டேன்."

யாரும் அவளைத் திட்டவில்லை. பிள்ளையைப் புதைத்த இடத்தைப் பெற்றவள் விரல் நீட்டிக் காட்டக்கூடாது. காட்டினால் வயிற்றில் இருப்பதும் தங்காது. லயத்து வழக்கம் அது. கல்லும் வைப்பதில்லை. டிஸ்பென்சரி எட்டு மைலுக்கு அப்பால் இருந்ததால் அந்தச் சரிவு நிறைந்துபோயிருந்தது. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆட்சேபம் எழுதிக் கொடுத்தோம். இடம் பார்க்க ஆபீசர் வந்தார். தோட்டத்து முதலாளியும் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"ஊர் நன்மைக்கு என் நிலத்தை விட்டுத் தர்றேன், இதுக்கு ஏன் கூப்பாடு?" என்றார். ஊர் நன்மையாம்! சுற்றியுள்ள அவர் நிலமெல்லாம் கடைத்தெருவாகிவிடும் என்பது எங்களுக்குத் தெரியாதா?

"எங்க புள்ளைக தூங்குற எடம் முதலாளி," என்றார் மத்தியாஸ்.

"எங்கே? ஒரு கல்லு உண்டா? ஒண்ணுமில்லேன்னு சொன்னதே உங்க பொம்பளைதானே?"

"அடையாளம் இல்லாம நான் எப்படி எழுதறது?" என்றார் ஆபீசர்.

முத்துப்பேச்சி ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஆமா முதலாளி, நாந்தான் சொன்னேன். பயந்து சொன்னேன்."

"வேண்டாம்ட்டி," என்று சின்னத்தாய் அவள் கையைப் பிடித்தாள். முத்துப்பேச்சி உதறிவிட்டு விரலை நீட்டினாள்.

"அந்தக் கொய்யாமரத்துக்கு வலப்பக்கம் சார். செண்பகம். ரெண்டு வயசு. எழுதிக்கிடுங்க."

கேடு வருமானால் அவள் ஒருத்தி தலையிலா விழ வேண்டும்? சின்னத்தாய் கை நீட்டினாள்: "பாறைக்குக் கீழ, எம் மவன். ஏழு மாசம்." அடுத்து நான் காட்டினேன். பேர் வைக்குமுன் போனவள் என்றேன். பிறகு எத்தனை விரல்கள் நீண்டன என்று நான் பார்க்கவில்லை; கண் மறைத்தது.

முதலாளி ஜீப்பில் ஏறினார். "முடிவு என் கையில் இல்லை. திருவனந்தபுரத்துக்கு எழுதறேன், அவங்க உங்க ஆட்சேபத்தைத் தள்ளினாலும் தள்ளுவாங்க," என்றார் ஆபீசர். ஆனாலும் காட்டிய இடங்களை அளந்து குறிக்கச் சங்கிலியை எடுத்துப் போடச் சொன்னார்.

கொய்யாமரத்தடியில் ஒரு முனையை முத்துப்பேச்சி பிடித்தாள். மறுமுனையை எடுக்க நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.