வலப்பக்கம் மூன்று விரல் இறங்கிய கதை

1.

இந்தக் கதை என் கைக்கு வந்த வழி அவ்வளவு நேர்மையானதில்லை. என் தங்கையின் கணவர், "அக்கா, இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். இருக்கட்டும் என்றேன். இன்றுவரை வாயால் யாரிடமும் சொல்லவில்லை. எழுதுகிறேன், அது வேறு சங்கதி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காலை வெயிலில் மைதானத்தின் புல் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல—"

அடித்துவிட்டேன். அன்று அது கம்பளம்போல இல்லை. பிரச்சினையே அதுதான்.

2.

என் தங்கை டிராக்டர் ஓட்டுகிறவள். சொந்த வண்டி. அதன் பின்னால் சுழல் பிளேடு வைத்த புல்வெட்டியை மாட்டி இழுத்துப்போய், ஒரு கால்பந்து மைதானத்தை ஆறு வருடமாக அவள்தான் வெட்டுகிறாள். அந்தத் திங்கட்கிழமை நாலு பட்டை வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் காடு. மைதானப் பொறுப்பாளர் வந்து, இது மைதானமா மாடிப்படியா என்று கேட்டார். புதன்கிழமை போட்டி. நாளைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

ஆறு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்கு ஓட்டி வரும் வழியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணவருக்குப் போன் போட்டாள்.

3.

இப்போது மாப்பிள்ளை. சலூன் வைத்திருக்கிறார்.

(முடி வெட்டுகிறவரையும் புல் வெட்டுகிறவளையும் ஒரே வீட்டில் குடிவைத்தால் நானாக ஜோடித்தேன் என்பீர்கள். அதற்குப் பயந்து அவரைத் தையல்காரராக்கி ஒரு படி எழுதினேன். அந்தத் தையல்காரர் மூன்று பக்கமும் வாயே திறக்கவில்லை. திரும்பவும் சலூனுக்கே அனுப்பிவிட்டேன்.)

ஞாயிற்றுக்கிழமை தங்கை என் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த நேரத்தில் சேற்றில் சிக்கிய நண்பரின் காரை இழுக்க மாப்பிள்ளை டிராக்டரை எடுத்திருக்கிறார். அதற்காகப் புல்வெட்டியைக் கழற்றினார். கழற்றுவது சுலபம். திரும்ப மாட்டும்போது, டிராக்டரின் பின்னால் அதைத் தாங்கும் இரண்டு இரும்புக் கைகளில் வலது கை துளைக்கு நேராக வர மறுத்தது. அந்தக் கையில் ஒரு திருகு உண்டு. திருகினால் கை நீளும், குறுகும். திருகினார். பூட்டும் ஆணி துளைக்குள் போனது. அப்பாடா என்று கையைத் தட்டிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

புல்வெட்டி இடவலம் சாயாமல் நிற்பதே அந்தத் திருகால்தான் என்பது அவருக்குத் தெரியாது.

4.

தங்கையின் குரலைக் கேட்டதும் கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்தார். வீட்டுக்குப் பின்னாலிருந்த சிமென்ட் தளத்தில் வண்டி நின்றது. அவள் இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டயரில் தொடங்கினாள். வலது டயரில் காற்று கொஞ்சம் குறைவு. மாப்பிள்ளை மூச்சு வாங்க வாங்க அடித்தார். வெட்டியின் இரண்டு பக்க உயரத்தையும் அளந்தார்கள், மாற்றமில்லை. புல்வெட்டிக்கு அடியில் கட்டைகளை முட்டுக்கொடுத்து, கையுறை போட்டு, பிளேடைக் கையால் சுற்றினாள். அதே முனை இடப்பக்கம் நிற்கும்போது ஒரு உயரம், வலப்பக்கம் வரும்போது மூன்று விரல் தாழ்வு. அப்படியென்றால் பிளேடு வளையவில்லை, மொத்த வெட்டியும் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவருக்கு விளக்கினாள்.

வலப்பக்கம் என்றதும் அவருக்குப் பொறி தட்டியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாராம். அதற்குள் அவள் கேட்டாள்:

"உங்க கடையில ஒருத்தர் தலையைச் சாச்சு உக்காந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஒரு விரலால நிமித்துவேன்."

"அவ்ளோதானா," என்று சிரித்துவிட்டு, அடியில் அப்பியிருந்த காய்ந்த புல்லைச் சுரண்டப் போய்விட்டாள். அவரும் பக்கத்தில் படுத்துச் சுரண்டினார். தலையெல்லாம் புல். பிறகு போல்ட்டுகள். பிறகு வெட்டியின் பின்சக்கரம். பொழுது சாய ஆரம்பித்தபோதும் அந்தத் திருகின் பக்கம் அவள் போகவில்லை.

ஆறு வருட அனுபவமுள்ள ஓட்டுநர் என்றால் முதலில் கை வைப்பதே—

(இங்கே கதையில் ஓட்டை. பொறுப்பாளர் மிரட்டிய பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று எழுதி அடைத்தேன். அடைப்பு எனக்கே பிடிக்கவில்லை.)

கடைசியில் அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். மாப்பிள்ளை பாய்ந்து போய்த் திருகைத் திருப்பினார், அளந்தார், கொஞ்சம் திருப்பினார், அளந்தார். இரண்டு பக்கமும் சமம். திரும்பி வந்தவள், பரவாயில்லையே, தானாகவே சரியாகிவிட்டதே என்றாள். மறுநாள் மைதானம் முழுக்க ஒரே மட்டம். பொறுப்பாளர் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் பாராட்டுவதே அப்படித்தான்.

5.

முடிவுக்கு இரண்டு வழி வைத்திருந்தேன். (அ) அன்றே அவர் உண்மையைச் சொல்கிறார், அவள் மூன்று நாள் பேசுவதில்லை. (ஆ) சாகும்வரை சொல்வதில்லை. (ஆ)வைத் தேர்ந்தெடுத்து எழுதி முடித்து, தேநீர் போடப் போனேன். வந்து பார்த்தால் என் நாற்காலியில் தங்கை. எப்போது வந்தாளோ, கையில் நாலாம் பகுதி.

நான் திருதிருவென்று விழித்தேன். அவள் பென்சிலை எடுத்து 'பதற்றத்தில் மறந்துவிட்டாள்' என்பதை மட்டும் அடித்தாள்.

"மறக்கலக்கா. வீட்டுல வண்டியை நிறுத்தினதுமே பாத்துட்டேன். திருகுல கிரீஸ் கலைஞ்சிருந்துச்சு."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்ன அவசரம், மறுநாள் முழுசா இருந்துச்சே. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, நான் என்ன வேலை பாக்குறேன்னு அவரு பக்கத்துல உக்காந்து பாத்தது அன்னிக்குத்தான். இது என்ன, அது எதுக்குன்னு ஒவ்வொண்ணா கேட்டாரு. திருகைத் தொட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல எழுந்து கடைக்குப் போயிருப்பாரு." காகிதங்களைத் தட்டி அடுக்கினாள். "எனக்குத் தாகமும் இல்ல. அவரே சரி பண்ணட்டும்னுதான் உள்ள போனேன்."

6.

ஆக (அ)வும் போயிற்று, (ஆ)வும் போயிற்று. அவள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். அவளைக் கூட்டிப்போக மாப்பிள்ளை வந்துவிட்டார். காகிதங்கள் மேஜையில் எழுத்து தெரிகிற மாதிரி கிடக்கின்றன. தங்கையைப் பார்த்தேன். உன் கதை, நீ பாத்துக்கோ என்பதுபோலத் தோளைக் குலுக்குகிறாள். எனக்கு ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் பேனா. இந்த அறையில் சும்மா இருப்பது வாசிக்கிற உங்கள் கைதான். காகிதங்களைக் கவிழ்ப்பதானால் சீக்கிரம் கவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் அப்படியே—